ஜோடிச் சாவி

பூட்டுக்காரர் பட்டறையில் ஒரு வழக்கம். விற்கிற ஒவ்வொரு பூட்டுக்கும் ஜோடியாக இரண்டு சாவி அடிப்பார். ஒன்று வாங்குகிறவர் கைக்குப் போகும். மற்றது பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கும். வாங்கினவர் தன் சாவியைத் தொலைத்துவிட்டு அசடு வழிய வந்து நின்றால், முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுப்பார். வேறு யார் வந்தாலும் கிடையாது. பெண்டாட்டியை அனுப்பினாலும் கிடையாது, பிள்ளையை அனுப்பினாலும் கிடையாது. கால் ஒடிந்து கிடந்த ஜவுளிக்கடைக்காரரைக் கட்டிலோடு தூக்கி வரச் சொன்ன மனிதர் அவர். தூக்கிக்கொண்டும் வந்தார்கள்.

சாவி விஷயத்தில் இப்படிப்பட்ட உத்தமர், கை விஷயத்தில் உத்தமர் இல்லை. அந்தத் தெருவே அப்படித்தான். ஒரு முனையில் இரும்பு வார்க்கும் உலை, மறுமுனையில் தகரப் பட்டறை, நடுவில் பூட்டு, ஆணி, சங்கிலி, கொண்டி என்று வரிசையாகப் பட்டறைகள். ஒவ்வொன்றிலும் தாய் தகப்பன் இல்லாத பையன்கள், இருந்தும் இல்லாத பையன்கள். உலைக்காரர் கம்பியால் அடிப்பார். தகரக்காரர் கையில் கிடைத்ததால் அடிப்பார். பூட்டுக்காரருக்கு அரம், தட்டையாகத் திருப்பிப் பிடித்து முதுகில் ஒன்று வைப்பார். பக்கத்து வீட்டு ரொட்டிக்காரிக்கும் அவருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். சத்தத்தை வைத்தே அடி விழுந்தது வேலைக்காரப் பையன் முதுகிலா, மகன் முதுகிலா, பூட்டுக்காரியின் முதுகிலா என்று அவள் மாவு பிசைந்தபடியே சொல்லிவிடுவாள். தப்பினதே இல்லை.

மகனுக்குக் கரகரத்த தொண்டை. அதனால் அவன் பெயரும் அரம் என்றே ஆகிவிட்டது. அரத்தை அரத்தால் அடிக்கிறார் என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அடி நிற்கவில்லை.

இந்தத் தெருவுக்குத்தான் பந்துச் சாமியார் வந்து சேர்ந்தார். மாதா கோயிலில் உதவிக் குருவாக வந்தவர். பூசை முடிந்த கையோடு அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, உலைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பையன்களோடு பந்து உதைப்பார். சாமியாரின் கெண்டைக்கால் எத்தனை மெலிது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். முதலில் ஞாயிறு மட்டும். பிறகு சாயங்காலமும். பிறகு பொட்டலை ஒட்டிப் பாழடைந்து கிடந்த பழைய கயிற்றுக் கிடங்கைக் கேட்டு வாங்கி, அடி தாங்காமல் ஓடிவந்த பையன்களை அங்கே படுக்கவைக்க ஆரம்பித்தார். எழுத்து, கணக்கு, பாட்டு. பட்டறைகளில் கை குறைந்தது. உலைக்காரர் கோயிலில் முன்பெஞ்சுக்காரர். சாமியாரைப் பார்த்தால் இன்னும் கைகூப்பத்தான் செய்தார். ஆனால் கூப்பின கையைப் பிரிக்கும்போது நெட்டி முறிக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஒரு நாள் அரம் பூட்டுக்குள் போகும் ஒரு லீவரைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டான். பூட்டுக்காரர் அன்றைக்கு அரத்தைத் திருப்பிப் பிடிக்கவில்லை. பிடி கழன்ற முனை பையன் காதுக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது. குறுக்கே விழுந்த பூட்டுக்காரியின் முன்கையிலும் ஒன்று. பையன் கழுத்தைப் பொத்திக்கொண்டு வாசலைத் தாண்டினான். விரலிடுக்கில் ரத்தம் வடிந்தது. திரும்பி வரவே இல்லை.

"எங்கடி போயிருப்பான்? பசிச்சா வருவான்," என்றார் பூட்டுக்காரர்.

"கிடங்குக்குப் போயிட்டாங்க. ரொட்டிக்காரியக்கா பாத்தாங்களாம்."

"அவ பாக்காதது என்ன இருக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் மாவுத் தட்டு டொப்பென்று விழுந்தது.

அதற்குப் பிறகு பூட்டுக்காரிக்குத் தூக்கம் என்பது படுத்துக் கிடப்பதுதான். பகலில் உப்பிட்ட ரொட்டியை மடியில் கட்டிக்கொண்டு பொட்டலுக்குப் போவாள். கிடங்கின் உயரச் சன்னல் கம்பி வழியாக மகன் கை நீட்டுவான். அவன் தோளில் ஏறி இன்னொரு முகம் எட்டிப்பார்க்கும். அது கொசு. தகரக்காரரிடமிருந்து தப்பி வந்தவன், கிடங்கிலேயே சின்னவன்.

"பெரியம்மா, எனக்கு?"

"உனக்கில்லாமயாடா? அவன் கடிக்கறதுக்குள்ள பிடுங்கிக்கோ."

"அவன் தூங்கறப்ப அரம் போடற மாதிரியே குறட்டை விடறான் பெரியம்மா. உள்ள எவனுக்கும் தூக்கமே இல்ல."

"அவங்கப்பன விட இது தேவலடா."

மகன் வீட்டுக்கு வருவான் என்று அவள் கேட்கவில்லை. வரவேண்டாம் என்றுதான் வேண்டிக்கொண்டாள். உயிரோடு அங்கேயே இருக்கட்டும். அவளுக்கு அதற்கு மேல் ஆசை இல்லை.

அந்த வாரமே பந்துச் சாமியார் பட்டறைக்கு வந்தார். நெற்றியில் கல்லடி வீங்கியிருந்தது.

"நல்லதா ஒரு பூட்டு வேணும்."

பூட்டுக்காரர் தலை நிமிரவில்லை. "என் பட்டறைல நல்லதில்லாத பூட்டு கிடையாது சாமி. உள்பக்கம் போடறதுக்கா, வெளிப்பக்கம் போடறதுக்கா?"

"வெளிய. நான் இருக்கறப்ப எவனும் கிட்ட வரமாட்டான். நான் பூசைக்கும் நோயாளி வீட்டுக்கும் போறப்பதான் வந்து கதவத் தட்டறானுங்க."

தண்ணீர்ச் செம்போடு நின்ற பூட்டுக்காரி கேட்டாள்: "உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா போதாதா சாமி?"

"போதாதும்மா. உலைக்காரர் வாசல்ல நின்னு ஒரு அதட்டல் போட்டா, இவனுங்களே பயத்துல திறந்துவிட்டுடுவானுங்க. போன வாரம் அப்படித்தான் ஒருத்தனத் தரதரன்னு இழுத்துட்டுப் போனாங்க. திறடான்னா திறக்கற பழக்கம் கையிலயே ஊறிப்போச்சு. சாவி என்கிட்ட இருந்தா, அவனுங்க நினைச்சாலும் திறக்க முடியாது பாருங்க."

அவள் செம்பை நீட்டினாள். சாமியார் படித்தவர், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனாலும் அவள் பார்வை ஆணியில் தொங்கிய சாவிகளிலேயே நின்றது.

பூட்டுக்காரர் ஒரு வாரம் உட்கார்ந்து அந்தப் பூட்டைச் செய்தார். கொடுக்கும்போது சொன்னார்: "என் மகனும் உள்ள இருக்கானாமே. இருக்கட்டும். அதுக்காக மட்டமாச் செய்யல. கடப்பாரை வளையும், இது வளையாது."

ஜோடிச் சாவி ஆணியில் ஏறியது.

அது கோடை முற்றி மழை வராமல் இழுத்தடித்த காலம். உலைச் சாம்பலும் புழுதியும் கலந்து தெருவே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், பட்டறைக்காரர்களின் புகாரை விசாரிக்க ஆயர் இல்லத்திலிருந்து சாமியாருக்கு அழைப்பு வந்தது. போகாமல் இருக்க முடியாது. பையன்களை உள்ளே விட்டு, பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை அங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினாரோ இல்லையோ, உலைக்காரரும் தகரக்காரரும் ஆட்களோடு பூட்டுப் பட்டறைக்குள் நுழைந்தார்கள். எல்லார் கையிலும் கம்பி. உலைக்காரர் மட்டும் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை.

"மாப்ள, கிடங்குச் சாவியக் குடு." உறவொன்றும் இல்லை. கோபம் வந்தால் அவருக்கு எல்லாரும் மாப்பிள்ளைதான்.

"பூட்டு வாங்கினது நீயா?"

"உன் மகனும் அங்கதான்யா இருக்கான். இழுத்துட்டு வந்து உன் வாசல்லயே விடறோம். நாலு சாத்து சாத்தி வேலைய வாங்கு."

"என் மகன எனக்குச் சாத்தத் தெரியும். நீ சொல்லித் தரவேணாம். வாங்கினவன் வந்து கேட்டா சாவி. இல்லன்னா இல்ல."

"உலையெல்லாம் ஆளில்லாம நிக்குது. இவரு சாவிக்கு சத்தியம் பண்றாரு!"

"பண்ணிருக்கேன்யா. எங்கப்பனும் பண்ணிருக்கான். போ."

முதல் அடி விலாவில் விழுந்தது. அவர் பட்டடைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவதுக்கு உட்கார்ந்தார். தகரக்காரர் அவர் முடியைப் பிடித்து முகத்தைக் கல்லில் மோதினார். பூட்டுக்காரி ஊதுகுழலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். ஒருத்தன் அவளைத் தள்ளிய தள்ளலில் கரி மூட்டைமேல் போய் விழுந்தாள். சுவரில் தொங்கிய சாவிகளை எல்லாம் வாரி ஒரு சாக்கில் போட்டார்கள். பூட்டுக்காரர் பல்லுடைந்த வாயோடு சிரித்தார்.

"எல்லாத்தையும் போட்டுப் பாருங்கடா. விடிஞ்சிடும்."

அது அங்கே இல்லை. காலடிச் சத்தம் கேட்டபோதே அவர் எடுத்து மறைத்துவிட்டார். எங்கே என்று பூட்டுக்காரிக்கே தெரியாது.

அவர்கள் போனார்கள். அவள் ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அடி வாங்கி அவள் பார்த்ததில்லை. கொஞ்சம் பாவமாகவும், கொஞ்சம் இன்னதென்று சொல்ல முடியாத வேறு மாதிரியாகவும் இருந்தது. அப்போதுதான் மூக்கில் தார் நாற்றம் ஏறியது.

வாசலுக்கு வந்து பார்த்தாள். பொட்டலின் மேலே புகை.

"ஏங்க, கிடங்கு எரியுதுங்க!"

"எரியல. ஈர வைக்கோலக் கொளுத்திப் புகை காட்டறானுங்க."

"எப்படித் தெரியும்?"

"சாவிய எடுத்துக்கிட்டு நான் ஓடி வரணும்னுதான் காட்டறானுங்கடி. வெளிய எடுத்த மறு நிமிஷம் பிடுங்கிக்குவானுங்க. அப்புறம் உன் புள்ள உலைலதான் சாவான். இரு. சாமியார் வந்துடுவாரு."

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னது அத்தனையும் உண்மை. உலைக்காரர் கொளுத்தச் சொன்னது ஈர வைக்கோலைத்தான். சாவியை வரவழைக்கத்தான் கொளுத்தச் சொன்னார். ஆனால் காலங்காலமாகத் தார்க்கயிறு அடுக்கியிருந்த கிடங்கின் பலகைக்கு இந்தச் சூழ்ச்சி எல்லாம் தெரியாதே. அது தன்பாட்டுக்குப் பற்றிக்கொண்டது.

பையன்களின் அலறல் தெருவுக்கு வந்தது. முதலில் சாமியாரைக் கூப்பிட்டார்கள். பிறகு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"சாவிய எடுங்க!"

"நடிக்கறானுங்கடி. அவனுங்க சொல்லிக் குடுத்து..."

"அந்தக் குரல் உங்களுக்குத் தெரியலையா? கரகரன்னு கேக்கல?"

பூட்டுக்காரர் காது கொடுத்துக் கேட்டார். முகம் மாறத்தான் செய்தது. ஆனாலும் வலது கை பட்டடைக்கல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. "வாங்கினவரு வரட்டும்," என்று முணுமுணுத்தார், ஜெபம் சொல்வதுபோல. "வாங்கினவரு வரட்டும்."

பூட்டுக்காரி சுத்தியலை எடுத்தாள். பெரிய சுத்தியல், கொண்டி வளைக்கிறது. கல்லைப் பிடித்திருந்த அந்தக் கைமேல் இறக்கினாள்.

அந்தச் சத்தம் யாருடையது என்று ரொட்டிக்காரியால் சொல்ல முடியாமல் போனது அன்று ஒரு நாள்தான். அப்படி ஒரு குரல் அந்த வீட்டிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை.

"எங்க இருக்கு?"

அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அவள் மறுபடி ஓங்கினாள். ஓங்கினதை இறக்கவும் செய்தாள். விரல்கள் கல்லோடு கல்லாக நசுங்கின.

"எண்ணெ... எண்ணெ டப்பா..."

அடியில் கையை விட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள். எண்ணெய் வழுக்கியது, சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பொட்டலில் உலைக்காரரின் ஆட்களே கடப்பாரையால் பூட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னபடியே கடப்பாரைதான் வளைந்திருந்தது. தகரக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "திறங்கடா, திறங்கடா," என்று உள்ளே இருந்தவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். உலைக்காரர் வெள்ளைச் சட்டை கருகக் குடம் குடமாகத் தண்ணீர் வீசினார். தண்ணீர் சுவரைத் தொடும் முன்பே ஆவியாகிப் போனது.

பூட்டு கனன்றுகொண்டிருந்தது. வெறும் கையால் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கைத் தோல் அதிலேயே தங்கிவிட்டது. இத்தனை இடி வாங்கியும் சாவி வெண்ணெயில் போவதுபோலப் போனது. நல்ல பூட்டு.

கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது. ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். புகையோடு பையன்கள் ஒருத்தர்மேல் ஒருத்தராக வந்து விழுந்தார்கள். இருமினவன், வாந்தியெடுத்தவன், முடி பொசுங்கினவன். அரம் வந்தான். அவள் அவனைப் பிடித்து உலுக்கினாள், முதுகில் அடித்தாள், கட்டிக்கொண்டாள். அவன் பின்னாலேயே திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, கொசு முன்னாடி இருந்தான். கதவுகிட்ட."

கதவைத் தடுத்தது அவன்தான். எல்லாரும் வாசலை நோக்கி முண்டியடித்ததில் அடியில் போய்விட்டான். தீ அவனைத் தொடவே இல்லை. கை மட்டும் மேலே நீட்டியிருந்தது. கதவில் வெளிச்சம் வந்த சின்னப் பொத்தலுக்குள் ஒரு விரலை நுழைத்திருக்கிறான். அதுதான் திறக்கும் வழி என்று நினைத்தானோ என்னவோ.

அதன் பிறகு மழை வந்தது. இத்தனை நாள் வராத மழை.

பந்துச் சாமியார் அங்கியை முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்து ஓடிவந்தார். கையில் சாவி இருந்தது. பூட்டுக்காரி மடியில் கிடந்த கொசுவைத் தரையில் படுக்கவைத்தாள். எழுந்தாள். தோல் உரிந்த அதே கையால் சாமியாரின் கன்னத்தில் அறைந்தாள். குருவானவரை அடித்தவளை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"சாவி எங்க இருந்துச்சு?"

"பையில."

"யாரு பையில?"

"என் பையில."

"உள்ள இருந்தது யாரு?"

சாமியார் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவர் கன்னத்தில் இருந்த ரத்தம் அவருடையது இல்லை. மழை அதைக் கழுவ நேரமெடுத்துக்கொண்டது.

"அவனுங்க பயந்து திறந்துடுவானுங்கன்னு சொன்னீங்க. திறந்துட்டுப் போறானுங்க சாமி! அடி வாங்கிட்டுப் போறானுங்க! அடி வாங்கினவன் பொழச்சுக் கிடக்கலாமே!"

"ஆமாம்மா."

"என்ன ஆமாம்மா?"

"நான் அவனுங்கள நம்பலம்மா," என்றார் சாமியார், சேற்றில் உட்கார்ந்தபடியே.

கொசுவை அடக்கம் செய்த கையோடு பையன்கள் கம்பி எடுத்துக்கொண்டு உலைக்காரர் வீட்டுக்குப் போனார்கள். முன்னால் போனவன் அரம். உலைக்காரரை வாசலில் போட்டு மிதித்தார்கள். அரம் கம்பியை ஓங்கியபோது சாமியார் எங்கிருந்தோ வந்து உலைக்காரர்மேல் குப்புற விழுந்தார். கம்பி அவர் புருவத்தைப் பிளந்தது. அடுத்தது தோளில். "அடிச்சுக்கோ. ஆனா என்னத் தாண்டித்தான் அவர அடிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பையன் கம்பியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அரம் போடுகிற குரலில் அழுதான். விசாரணைக்கு வந்தவர்கள், கிடங்கு வெயிலில் தானாகப் பற்றிக்கொண்டது என்று முடிவு செய்தார்கள். சாமியார் காப்பாற்றிய உலைக்காரர் அடுத்த ஞாயிறும் முன்பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

பூட்டுக்காரரின் கை அதற்குப் பிறகு கையாக இல்லை. உலைக்காரரின் ஆட்கள் நசுக்கிவிட்டார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். பெண்டாட்டி எதிரிலேயே சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு அரம் பிடிப்பாள்; அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு இழுப்பு. போதும், போதும்," என்பார். அடிக்க அவருக்குக் கையும் இல்லை, ஆசையும் போய்விட்டது. ஒருமுறை மட்டும் பூட்டுக்காரியும் அவரும் பேசியது சுவர் வழியாக ரொட்டிக்காரி காதில் இப்படி விழுந்ததாம்:

"ஏங்க, நீங்க ஏன் ஊருக்கு நெசத்தச் சொல்லல?"

"கேட்டது யாரு? வாங்கினவனா?"

இரண்டு பேரும் சிரித்தார்களா, அழுதார்களா என்று ரொட்டிக்காரியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சாமியாரின் துறவற சபை இப்படித்தான் பிறந்தது. வெந்த கிடங்கைச் சுரண்டிக் கழுவி, கூரை போட்டு, சாமியார் திரும்ப அங்கேயே உட்கார்ந்தார். பெரிய பையன்களில் நாலைந்து பேர் அவரோடு தங்கினார்கள். முதலில் அங்கி போட்டவன் அரம். அவன் பூசைப் பாட்டுப் பாடினால் கோயில் புறாக்கள் பறந்துவிடும் என்பது வேறு விஷயம். ஆயர் விதிகளை எழுதித் தரச்சொன்னபோது, சாமியார் முதல் வரியாக எழுதியது ஜெபத்தைப் பற்றியோ கீழ்ப்படிதலைப் பற்றியோ இல்லை. வீட்டின் கதவுக்கு வெளியே பூட்டு கூடாது, உள்பூட்டின் சாவி அந்த வீட்டிலேயே மிகச் சின்னப் பையனிடம் இருக்கவேண்டும் என்று எழுதினார். ஆயர் இல்லத்தில் சிரித்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார்கள். தச்சுப் பட்டறை வந்தது, அச்சகம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. அடுத்த ஊரில் ஒரு வீடு, அதற்கடுத்த ஊரில் ஒரு வீடு, பிறகு கடல் தாண்டியும். பந்துச் சாமியார் செத்துப்போய்ப் படமாக மாட்டப்பட்டார். படத்தில் அவர் புன்னகைக்கிறார், கையில் சாவி, புருவத்தில் தழும்பு. அது விரோதிகள் எறிந்த கல்லால் வந்தது என்கிறார்கள்.

அரம் சபைத்தலைவர் ஆன வருஷம், பழைய பொட்டலில் மூன்று மாடிக்கு ஒரு விடுதி கட்டினார்கள். திறப்பு விழாவுக்குப் பூட்டுக்காரியை மோட்டார் வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். பூட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மீசை அரும்பின ஒரு பிரதர் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு அறையாகக் காட்டினார். அந்தக் கையில் ரேகை இல்லாததைக் கவனித்தாரோ என்னவோ, பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா எங்களுக்கு முதல் உபகாரி. கையையே நசுக்கினப்பவும் விரோதிங்ககிட்ட சாவியக் குடுக்கல. பாடத்துலயே வெச்சிருக்கோம்."

பின்னால் வந்துகொண்டிருந்த சபைத்தலைவர் இருமினார்.

"நல்ல மனுஷன்," என்றாள் பூட்டுக்காரி. "பூட்டு நல்லாச் செய்வாரு."

"சின்னப் பிள்ளைங்க கையில சாவிங்கறது எவ்வளவு அழகான அடையாளம் பாருங்கம்மா! நம்பிக்கைக்கு அடையாளம்."

படுக்கைக்கூடத்தின் வாசலில் ஒரு பொடியன் விறைப்பாக நின்றிருந்தான். புதுச்சட்டை, கழுத்தில் கயிற்றில் சாவி. பூட்டுக்காரி அவன் எதிரே நின்றாள்.

"நீதான் சின்னவனா?"

"ஆமா பெரியம்மா."

"திறக்கத் தெரியுமா?"

"ஓ! தெரியுமே."

"உள்ள போய்ப் பூட்டிக்கோ. கண்ண இறுக்க மூடிக்கோ. அப்புறம் திற."

பிரதர் சிரித்தார். "எதுக்கும்மா கண்ண..."

"நீங்க சும்மா இருங்க," என்றார் சபைத்தலைவர், கரகரத்த குரலில்.

கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது. வெளியே பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரி பலகையில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே சாவி பூட்டைத் தேடித் தடவும் சத்தம். இரும்பில் இரும்பு வழுக்கியது. மறுபடி வழுக்கியது. அவள் உள்ளங்கையைக் கதவில் அழுத்திக்கொண்டாள். அது குளிர்ந்துதான் இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை.

சாவி நுழைந்தது. திரும்பியது. கண்ணை இன்னும் இறுக்க மூடியபடி பையன் வாசலில் நின்றான், மூக்கெல்லாம் வேர்வையாக.

"நேரமாக்கிட்டடா," என்றாள் பூட்டுக்காரி. "இன்னொரு தடவ."